அத்தியாயம் 7: அளவுகோல் பெரியவர் கையில்

வீட்டில் பீர் காய்ச்சுவதை ஒருவர் தனியாகச் செய்தாலும் அப்பாவோடோ அம்மாவோடோ சேர்ந்து செய்தாலும் செய்முறை ஒன்றுதான். மாறுவது முடிவெடுக்கும் விதம். தனியாகச் செய்கிறவருக்கு எதிர்ப்பேச்சு இல்லை. இரண்டு பேர் நின்றால், அடுப்பை அணைக்கலாமா, ஆறியது போதுமா, ஈஸ்ட்டைப் போடலாமா, பாட்டிலில் ஊற்றலாமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கருத்து வரும். அந்தக் கருத்து வேற்றுமையை நம் வீடுகள் தீர்க்கும் வழிகள் இரண்டே. வயதில் மூத்தவர் சொன்னதை ஏற்பது ஒன்று, விஷயத்தைப் படித்து வந்தவர் சொன்னதை ஏற்பது மற்றது. பீர் காய்ச்சுவதில் பெரும்பாலும் பிள்ளைதான் படித்து வந்தவர். அதனால் பெற்றவர் பாத்திரம் கழுவி, துணி எடுத்துக் கொடுத்து, நடுநடுவே தலையாட்டும் எடுபிடியாகி, இரண்டாம் முறை கூப்பிட்டால் ‘நீயே பாத்துக்கப்பா’ என்று ஒதுங்கிவிடுவார். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: தீர்ப்பு சொல்லும் வேலையைக் கருவியிடம் விடுங்கள், கருவியைப் பார்த்து எழுதும் வேலையைப் பெற்றவரிடம் கொடுங்கள். பீர் நன்றாக வருவதற்கும் கூட்டு வேலை நீடிப்பதற்கும் இந்த ஒரே ஏற்பாடு போதும்.

அதற்கு முன் சட்டம். இந்த அத்தியாயம் வீட்டுத் தயாரிப்பை அனுமதிக்கும் நாடுகளில் வசிப்பவர்களுக்கானது. பிரிட்டனில் 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டம் கூட்டரசு வரியிலிருந்து விலக்களித்தது: ஆண்டுக்கு ஒரு பெரியவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 100 கேலன், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன். மாநிலச் சட்டங்கள் தனி; மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் இசைந்தன. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் காய்ச்சலாம், வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. எங்கும் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை. இலங்கையிலும் கலால் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது. ஊருக்குப் போகும்போது செய்து காட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். இன்னொன்று, பீர் நொதிக்கவைப்பது. சாராயம் போலக் காய்ச்சி வடிப்பது அல்ல. வடிப்பது மேலே சொன்ன நாடுகளிலும் உரிமம் இல்லாமல் குற்றம், ஆபத்தும் கூட.

சமையலறை அனுபவம் எங்கே உதவும், எங்கே இடறும்

‘எங்கம்மா நாற்பது வருஷமா மாவு புளிக்க வைக்கிறவங்க, அவங்களுக்கா அளவு சொல்லித் தரணும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதிலில் பாதிதான் அவர்களுக்குச் சாதகம். இட்லி மாவில் நாம் வெளியிலிருந்து எந்தக் கிருமியையும் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கனவே உள்ள பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் வெதுவெதுப்பில் பெருகி மாவைப் பொங்க வைக்கின்றன. அங்கே கைபட்டால் கெடுதல் இல்லை, வெப்பம் கூடினால் வேகம் கூடும், புளிப்புதான் நமக்கு வேண்டியது. பீரில் இந்த மூன்றும் தலைகீழ். மால்ட் கரைசலை, அதாவது வோர்ட்டை, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அதிலுள்ள கிருமிகளைக் கொன்றுவிட்டு, நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஈஸ்ட்டை மட்டும் உள்ளே விடுகிறோம். ஆறிய வோர்ட்டில் கை பட்டால் அழையாத விருந்தாளி நுழையும். வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகள் வார்னிஷ் வாடையும் தொண்டையைச் சுடும் காரமும் தரத் தொடங்கும். புளித்தால் கெட்டது என்று அர்த்தம். ஆக, நொதிப்பது உயிருள்ள வேலை, அவசரப்படுத்த முடியாது, மூக்கு பொய் சொல்லாது என்ற அறிவெல்லாம் அம்மாவிடம் ஏற்கனவே இருக்கிறது. சுத்தம், வெப்பம் இரண்டில் மட்டும் அந்த அனுபவம் தவறான பக்கம் இழுக்கும். இதைப் பிள்ளை வாயால் சொன்னால் வாக்குவாதம். தெர்மாமீட்டர் சொன்னால் தகவல்.

இது இன்றைய வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஆல்ட்டன் என்ற ஊரில் 1741-ல் பிறந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் அப்பாவின் மதுவாலையில் வேலை செய்தார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். அப்பாவுக்கு இந்தப் புதுமைகள் பிடிக்கவில்லை. மகன் கருவியை அப்பாவின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துப் பயன்படுத்தினார். 1768-ல் ஹைட்ரோமீட்டர் ஒன்றை வாங்கி வோர்ட்டின் அடர்த்தியை அளக்கத் தொடங்கினார். 1785-ல் அவர் அதைப் பற்றி நூல் எழுதியபோது அளவெடுப்பது ஆங்கிலேய மதுவாலைகளில் வழக்கமாகத் தொடங்கியிருந்தது. அவருடைய எழுத்துகளை 1824-ல் தொகுத்து வெளியிட்டவர் அவருடைய மகன். இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது மகனின் கெட்டிக்காரத்தனத்தை அல்ல. கருவி மகனுடைய ரகசியமாக இருந்தவரை அது அப்பாவுக்கு எதிரான சாட்சி. அதே கருவி அப்பாவின் கையில் இருந்திருந்தால் ஒளித்து வைக்க எதுவுமே இல்லை. நம் வீட்டிலும் பிள்ளை தன் கைபேசியில் எண்களைப் பார்த்துக்கொண்டு ‘இன்னும் ஆறலைப்பா’ என்று சொன்னால் அது அதிகாரம். கருவியை அப்பாவே பார்த்து, ‘இருபத்தாறு காட்டுது, பொறு’ என்று சொன்னால் வேலை தானாக ஓடும்.

காய்ச்சும் நாள்

முதல் தடவைக்கு 10 லிட்டர் போதும். கடைகளில் கிடைக்கும் கருவித் தொகுப்புகள் பெரும்பாலும் 20 லிட்டர் கணக்கில் இருக்கும். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர் பக்கத்தில் நிற்கும்போது 20 கிலோ திரவத்தை மேடையிலிருந்து தூக்கி இறக்குவது வேண்டாத விஷப்பரீட்சை. தானியத்தை ஊறவைத்து இனிப்பை இறக்கும் முழு முறையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு பேல் ஏலுக்கு வேண்டியவை: வெளிர் நிற உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 1.25 கிலோ, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் (East Kent Goldings) ஹாப்ஸ் 30 கிராம், உலர் ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட் (பாதி போதும், முழுவதும் போட்டாலும் கெடாது), பாட்டிலில் சேர்க்க வெள்ளைச் சர்க்கரை 60 கிராம். பாத்திரங்கள்: 10 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் அண்டா, ஏர்லாக் பொருத்திய 15 லிட்டர் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர், அலச வேண்டாத சானிடைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், அதற்கான உயரமான குழாய், ஒரு நோட்டு. கண்ணாடி ஃபெர்மென்டர் பார்க்க அழகு. ஈரக்கையில் நழுவினால் காலை வெட்டும்.

வேலையைப் பிரிப்பது இப்படி: தூக்குவது, ஊற்றுவது, கொதிப்பதன் பக்கத்தில் நிற்பது பிள்ளை. நேரம், வெப்பம், அடர்த்தி ஆகிய மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதுவது பெற்றவர். எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. முந்தின நாளே 5.5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் 6 லிட்டர் தண்ணீரை எடுத்து, அது சூடேறும் முன்பே மால்ட் பொடியைக் கலக்குங்கள். ஆவி பட்டால் பொடி கரண்டியில் மிட்டாய் போல ஒட்டிக் கட்டியாகும். கொதி வரும் நேரத்தில் நுரை சட்டென்று ஏறி வழியும், அப்போது தீயைக் குறைக்க ஒருவர் அடுப்பருகே இருந்தே ஆக வேண்டும். நுரை அடங்கியதும் 20 கிராம் ஹாப்ஸ். கசப்பு இதிலிருந்துதான் வரும். ஐம்பதாவது நிமிடம் மீதி 10 கிராம், வாசனைக்கு. அறுபதாவது நிமிடம் அடுப்பை அணைத்து, மூடியோடு அண்டாவை ஐஸ் தண்ணீர் நிரப்பிய சிங்க்கில் இறக்குங்கள். இந்த நிமிடத்திலிருந்து வோர்ட்டைத் தொடும் எதுவும், கரண்டி முதல் தெர்மாமீட்டர் முனை வரை, சானிடைசரில் நனைந்திருக்க வேண்டும்.

இப்போது பெற்றவருக்கு ஒரு கணக்கு. ஒரு மணி நேரக் கொதியில் ஆவியானது போக ஏறக்குறைய 4.5 லிட்டர் வோர்ட் இருக்கும். அது 40 டிகிரிக்கு இறங்கியதும், ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த 5.5 லிட்டர் தண்ணீரோடு கலந்தால் என்ன வெப்பம் வரும்? நாற்பதை 4.5-ஆல் பெருக்க 180, நான்கை 5.5-ஆல் பெருக்க 22. கூட்டி, பத்தால் வகுத்தால் 20.2. ஈஸ்ட் போட நமக்கு வேண்டியது 18 முதல் 20 டிகிரி. ஐஸ் தண்ணீரில் எப்போது எடுப்பது என்ற சர்ச்சையே இதோடு முடிந்துவிடும்; தெர்மாமீட்டர் 40 காட்டும்போது எடுத்தால் கலவை ஏறக்குறைய வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். வங்கியிலோ ரேஷன் கடையிலோ வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கலந்ததும் ஃபெர்மென்டரை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் சலசலவென்று ஊற்றக் கூடாது, காற்றுப் பட்ட பீருக்கு நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும்.

ஹைட்ரோமீட்டரை எப்படிப் படிப்பது

எல்லாச் சண்டைகளிலும் பெரியது பாட்டிலில் எப்போது ஊற்றுவது என்பது. ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, மேலே நுரை அடங்கிவிட்டது, பிறகென்ன காத்திருப்பது என்று ஒருவர் சொல்வார். குமிழி நம்பத்தகாத சாட்சி. மூடி சரியாக இறுகாவிட்டால் நொதிக்கும்போதே குமிழி வராது. நொதித்து முடிந்தபின் அறை சூடேறினாலும் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர் மட்டுமே இதில் சாட்சி சொல்லத் தக்கது. சுமார் 100 மில்லி மாதிரியைக் குழாயில் எடுத்து, கருவியை மெல்ல இறக்கி, விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டிய குமிழிகள் உதிராவிட்டால் அவை கருவியை மேலே தூக்கிப் பொய் சொல்லவைக்கும். கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். திரவம் கருவியின் தண்டில் ஏறி விளிம்பு கட்டியிருக்கும். படிக்க வேண்டியது அந்த விளிம்பை அல்ல, அதற்குக் கீழே உள்ள தட்டையான பரப்பை. பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்கு அளவு வைத்தவை. 30 டிகிரி மாதிரியில் ஏறக்குறைய 0.0025 குறைத்துக் காட்டும். எடுத்த மாதிரியைத் திரும்ப ஃபெர்மென்டரில் ஊற்றாதீர்கள்.

நம் செய்முறையில் ஈஸ்ட் போடும் முன் அடர்த்தி 1.046 அளவில் இருக்கும். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இறங்கி 1.012-க்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், ஏறக்குறைய 4.5. பத்தாம் நாள் ஒரு முறை, பதின்மூன்றாம் நாள் ஒரு முறை அளந்து இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பாட்டில். ‘கொஞ்சம் கூடக்குறைய இருந்தா என்ன?’ என்பவருக்கு ஒரு கணக்கு. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்ப்பதால் பாட்டிலில், ஏற்கனவே கரைந்திருப்பதையும் சேர்த்து, பீரின் கொள்ளளவைப் போல 2.4 மடங்கு வாயு உருவாகும். நொதித்தல் முடியாமல் வெறும் 0.004 மிச்சமிருந்தாலும் இன்னொரு 2 மடங்கு சேரும். சாதாரண பீர் பாட்டில் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. சமையலறை அலமாரியில் வெடித்தால் தெறிப்பது கண்ணாடி. எனவே இந்த ஒரு கட்டத்தில் யாருக்கும் சலுகை கிடையாது. நோட்டில் ஒரே எண் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால்தான் மூடி போடும் கருவியை வெளியே எடுக்க வேண்டும்.

மறுப்புகள்

அளவு, நோட்டு, கணக்கு என்று போனால் சந்தோஷம் எங்கே என்று கேட்கலாம். இடைக்கால இங்கிலாந்தில் வீட்டு ஏலைப் பெரும்பாலும் பெண்கள்தான் காய்ச்சினார்கள், தெர்மாமீட்டர் இல்லாமல், கைப்பழக்கத்தில். அது உண்மை. ஆனால் அந்த ஏல் சில நாள்களில் குடித்துத் தீர்க்க வேண்டியது, கோடையில் கெட்டுப்போவது அன்றாடக் கவலை. கைப்பழக்கம் வர நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்ந்து காய்ச்சுகிற பெற்றவருக்கும் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அந்தக் குறையைக் கருவி ஈடுகட்டுகிறது. சந்தோஷம் கெடுவது பெரும்பாலும் அளவெடுப்பதால் அல்ல, ஊற்றிக் கொட்டிய பீருக்கு யார் காரணம் என்ற பேச்சால். எண்கள் எழுதியிருந்தால் காரணத்தை நோட்டில் தேடலாம், ஆளிடம் தேட வேண்டாம்.

பெரியவருக்குக் கண் தெரியாது, சின்னக் கோடுகளைப் படிக்க முடியாது என்பது இன்னொரு மறுப்பு. எண்களைப் பெரிதாகக் காட்டும் தெர்மாமீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. ஹைட்ரோமீட்டரைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினால் போதும். அவரை எளிதான வேலையில் உட்கார வைப்பது மரியாதை என்று நாம் நினைக்கிறோம். பொறுப்பான வேலையை அவரிடம் தந்து, அவர் சொல்லும் எண்ணுக்காகக் காத்திருப்பதுதான் மரியாதை.

மூன்றாவது மறுப்பு கனமானது: பெற்றவர் குடிக்காதவர் என்றால், அல்லது சேர்ந்து குடிப்பது வீட்டு வழக்கம் இல்லை என்றால்? காய்ச்சுவதற்கும் குடிப்பதற்கும் நடுவில் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் செய்யும் எந்த வேலைக்கும் ஒரு மிடறுகூடத் தேவையில்லை. மாதிரியின் மணத்தை முகர்ந்தே புளிப்பா, வார்னிஷ் வாடையா என்று சொல்லிவிடலாம். ரசத்தின் பக்குவத்தை மணத்தில் கண்டுபிடிக்கிறவர்களுக்கு அதில் பிள்ளையைவிடக் கூர்மை அதிகம். பாட்டில்களை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் வற்புறுத்தக் கூடாது. மனத்துக்கு ஒப்பாதவரை இழுப்பது கூட்டு வேலை ஆகாது. குடிப்பவராக இருந்தாலும், சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். பீர் குறைந்த போதை என்பது மாத்திரையோடு சேரும்போது பொருந்தாத ஆறுதல்.

கருவி தீர்க்காத சண்டை

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆறியதா, முடிந்ததா என்பதைக் கருவி சொல்லும். கசப்பு போதுமா, இன்னும் கொஞ்ச நாள் வைக்கலாமா என்பதைச் சொல்லாது. கோபன்ஹேகனில் 1847-ல் ஜே.சி. ஜேக்கப்சன் தொடங்கிய மதுவாலைக்கு ஐந்து வயது மகன் கார்லின் பெயரால் கார்ல்ஸ்பெர்க் என்று பெயர் வைத்தார். 1875-ல் அவர் நிறுவிய ஆய்வகத்தில்தான் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒற்றை ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அளவெடுப்பதில் அந்தக் காலத்தில் அவர்களை மிஞ்ச ஆள் குறைவு. அப்படியும் அப்பாவுக்கும் மகனுக்கும் பல ஆண்டுகள் பேச்சு முறிந்தது. பீரை நீண்ட நாள் ஊறவைத்துத்தான் விற்க வேண்டும் என்றார் அப்பா. குறைந்த நாளில் அதிகம் விற்கலாம் என்றார் மகன். இது ருசியும் வியாபாரமும் சேர்ந்த கேள்வி, தெர்மாமீட்டருக்கு இதில் வேலை இல்லை. மகன் 1882-ல் புதிய கார்ல்ஸ்பெர்க் என்று தனி ஆலையே தொடங்கினார். 1886-ல் சமாதானம் ஆனார்கள். அடுத்த ஆண்டு அப்பா இறந்தார்.

அவர்களுக்கு இரண்டு ஆலை தேவைப்பட்டது. நமக்கு இரண்டு 5 லிட்டர் ஜாடி போதும். இரண்டாம் தடவை காய்ச்சும்போது ருசியைப் பற்றிக் கருத்து வேறுபட்டால் ஆறிய வோர்ட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். அப்பாவின் ஜாடியில் ஒரு ஈஸ்ட், பிள்ளையின் ஜாடியில் வேறொன்று. அல்லது நொதித்த பின் ஒன்றில் மட்டும் 10 கிராம் ஹாப்ஸை ஊறவிடுங்கள். இரண்டு விஷயத்தை மாற்றினால் எதனால் ருசி மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டில்களில் பெயர் எழுதாமல் மூடிக்கு அடியில் மட்டும் அடையாளம் வையுங்கள். இரண்டு வாரம் அறை வெப்பத்தில் இருட்டில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு இரவு குளிரவிட்டு, எது யாருடையது என்று தெரியாத மூன்றாம் ஆளிடம் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கொடுங்கள். அவர் சொன்னதையும் நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் தடவைக்கான செய்முறையை அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெற்றவரே எழுதட்டும். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது பிள்ளையின் வேலை.